தோற்று வாங்கிய ஆயிரத்து அறுநூறு

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் செஸ்ஸில் என்னை ஜெயிக்க ஆளில்லை. ஆடத் தெரிந்தவர்கள் மொத்தமே மூன்று பேர். ஒருவர் நான், இன்னொருவர் எதிர்வீட்டு மின்கம்பிப் பணியாளர், மூன்றாவது என் மனைவி. அவள் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது வந்து ஒரு காயை நகர்த்திவிட்டுப் போவாள். நான் இருபது நிமிடம் யோசித்து அதற்குப் பதில் ஆடுவேன். கடைசியில் நான் ஜெயிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

எண்பதுகளின் தொடக்கத்தில் சமூக மன்றத்தில் ஆறு சுற்றுப் போட்டி ஒன்று வைத்தார்கள். ஆட்டத் திறனை எண்ணாகச் சொல்லும் ரேட்டிங் தருவார்கள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தேன். துணைக்கு வரட்டுமே என்று அவள் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன்.

முதல் சுற்றில் என்னோடு ஆடியவர் புதியவர். கடிகாரத்தை அழுத்த மறந்து நேரம் போய்த் தோற்றார். ஜெயித்தவர்கள் ஜெயித்தவர்களோடு மோத வேண்டும் என்பது விதி. அதனால் இரண்டாம் சுற்றில் இரண்டாயிரம் ரேட்டிங் வைத்திருந்த ஒரு விரிவுரையாளர் கிடைத்தார். நான் சட்டைக் கையை மடித்து முடிப்பதற்குள் என் ராணி போய்விட்டது. மூன்றாம் சுற்றில் எதிராளி வரவே இல்லை. காலி நாற்காலியை வென்றேன். நான்காவதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரேட்டிங் உள்ள ஒருவரிடம் தோல்வி. ஐந்தாவதில் முதன்முறையாகப் போட்டிக்கு வந்த டாக்சி ஓட்டுநரை ஜெயித்தேன். கடைசிச் சுற்றில் எதிரே ஆயிரத்து எழுநூறு. நான் ஒரு குதிரை குறைவாகத் திணறிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டார்கள் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. அவர் எழுந்து நின்று, "டிரா வச்சுக்கலாமா?" என்றார். கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்து, பெருந்தன்மையாகக் கை கொடுத்தேன்.

எனக்கு மூன்றரைப் புள்ளி. மனைவிக்கு நான்கு.

இரண்டு வாரம் கழித்து மன்றத்துப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு ஆயிரத்து அறுநூறு, அவளுக்கு ஆயிரத்து நானூறு.

"நான்தானே கூட எடுத்தேன்? அப்புறம் எப்படிங்க?" என்று கேட்டாள்.

"தரம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் நின்றவர்களிடம் எல்லாம் ஆயிரத்து அறுநூறு என்று சொன்னேன். பாடகர் குழுவில் என்னோடு பாடும் ஒருவர் பதறிப்போய், "என்ன லா, பிரஷரா? டாக்டர்கிட்டப் போனியா?" என்றார். அவருக்கு விளக்குவதற்குள் அடுத்த பூசைக்கு மணி அடித்துவிட்டது.

மனைவி மட்டும் விடவில்லை. சரி, விவரம் தெரிந்தவர் வாயால் கேட்கட்டும் என்று, போட்டியை நடத்தியவரிடம் நானே அவளை அழைத்துப் போனேன். அவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர், என் வயதுக்காரர். ஒரு தாளை எடுத்து என் பெயரை மேலே எழுதினார்.

"ரேட்டிங் இல்லாத ஆளுங்களோட ஆடினது கணக்குல வராது. ஆள் வராத ஆட்டமும் வராது. மிச்ச ஆட்டத்துல ஜெயிச்சா எதிராளி ரேட்டிங்கோட நானூறு கூட்டணும். தோத்தா நானூறு கழிக்கணும். டிரான்னா அப்படியே. எல்லாத்தையும் கூட்டி, எத்தனை ஆட்டமோ அதால வகுக்கணும். அதான் முதல் ரேட்டிங்."

பிறகு நான் ஜெயித்த மூன்று ஆட்டங்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். இரண்டாயிரத்திடம் தோற்றதற்கு ஆயிரத்து அறுநூறு எழுதினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்திடம் தோற்றதற்கு ஆயிரத்து ஐந்நூறு. பிரசவ டிராவுக்கு ஆயிரத்து எழுநூறு. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, விடையின் கீழே இரட்டைக் கோடு போட்டார்.

"அப்ப இவர் ஜெயிச்சது ஒண்ணுகூட இதுல இல்லையா?" என்றாள் மனைவி.

"இல்லக்கா. எல்லாம் வெளியே போயிடுச்சு லா."

அவளுடையதையும் போட்டுக் காட்டினார். ஆயிரத்து நூறையும் ஆயிரத்தையும் ஜெயித்திருந்தாள். ஆயிரத்து எழுநூறிடம் தோற்றிருந்தாள். ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து நானூறு, ஆயிரத்து முந்நூறு. சராசரி ஆயிரத்து நானூறு. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"இனிமேதான் சரியாத் தெரியும்," என்றார் ஆசிரியர். "அடுத்த போட்டியில இருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏறும், இறங்கும். நம்மளவிடக் கம்மியான ஆளுகிட்ட தோத்தா நல்லாவே இறங்கும்."

அடுத்த போட்டியில் மூன்றாம் சுற்றில் என் எதிரே வந்து உட்கார்ந்தது என் மனைவி. அங்கே அடுப்பு இல்லை, குழம்பு இல்லை. முகவாயில் கை வைத்து ஒரு நகர்வுக்குப் பத்து நிமிடம் யோசித்தாள். அவள் உட்கார்ந்து யோசித்து ஆடி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முப்பதாவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு என் ராஜாவைச் சாய்த்தேன்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில், "கோவமா?" என்று கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்ல. சமைக்கிறப்போ ஏன் இப்படி ஆட மாட்டேங்கற?"

"ஆடினா நீங்க தினமும் தோப்பீங்க. அப்புறம் யாருங்க என்கூட ஆட வருவா?"

பேருந்து வந்தது. இரண்டு டிக்கெட்டையும் அவளே வாங்கினாள். அடுத்த வருடப் பட்டியலில் அவள் எனக்கு ஏழு வரி மேலே இருந்தாள். அதைப் பற்றிக் கோவில் வாசலில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் தெரு முழுக்கச் சொன்னார்.