பூச்சிக் கண்ணாடி

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒற்று எங்கே வரும், பெரிய றகரம் எங்கே போட வேண்டும் என்று இன்றும் தடுமாறுகிறேன். எழுத்தும் கோட்டில் நிற்காது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப்புறம் எங்கள் தோட்டம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பொள்ளாச்சியில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். அவரிடம் யாரோ பயன்படுத்திக் கழித்த கேமரா ஒன்று இருந்தது. கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்கும் அசல் லென்ஸ் ஒரு ஜோடிக் காளை விலை என்பார். அதனால் கேமராவின் மூக்கில் திருகி மாட்டுகிற வட்டக் கண்ணாடி ஒன்றைக் கோயமுத்தூரில் மலிவாக வாங்கி வந்தார். கடலைப் பூ, எறும்பு, மாட்டு உண்ணி எல்லாவற்றையும் அதில் எடுத்தார். உண்ணி பன்றிக்குட்டி அளவுக்குத் தெரிந்தது. வீட்டில் அதற்குப் பூச்சிக் கண்ணாடி என்று பெயர் வந்தது.

அதற்கு ஒரு குணம் உண்டு. ஒன்றரைச் சாண் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாக விழும். கொஞ்சம் தள்ளினாலும் கலங்கிவிடும். சித்தப்பா கேமராவில் நூல் கட்டி, அந்தத் தூரத்தில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சைப் பூவில் தொட்டுக் காட்டுவது என் வேலை.

அத்தை அப்பாவின் தங்கை, சித்தப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் என் அம்மா அவளுக்கு மத்தியானத்திலிருந்தே பவுடர் அப்புவாள். வெளிச்சம் குறைந்த உள்ளறையில், வலது கன்னம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி உட்கார வைப்பார்கள். வந்தவர்கள் சந்தவை சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்பறோமுங்க" என்று போவார்கள். அவர்கள் போன பிறகு அத்தைதான் அத்தனை பாத்திரமும் கழுவுவாள்.

அலுத்துப்போன அப்பா, உடுமலைப் பக்கத்து வரன் ஒன்றுக்கு முதலில் படம் அனுப்புவது என்று முடிவு செய்தார். "தள்ளி நின்னு எடுடா. வேப்பமர நெழல்ல" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார்.

அத்தை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தொழுவத்துக்கு முன்னால் பளீரென்ற வெயிலில் உட்கார்ந்தாள்.

"பூச்சிக் கண்ணாடியை மாட்டு."

"அக்கா, அதுல மூஞ்சி முழுசா அடங்காதுங்க்கா."

"அடங்குன வரைக்கும் போதும். இந்தக் கன்னத்தை எடு."

"அண்ணன் என் தோலை உரிச்சுப்போடும்."

"என்னுது மொதல்லயே உரிஞ்சதுதான். எடு தம்பி, வெயிலு போகுது."

சித்தப்பா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முடிச்சைக் கொண்டுபோய் அத்தையின் கன்னத்தில் வைத்தேன். கூசியதோ என்னவோ, சிரித்தாள். பெரிதாக எடுத்தால் சினிமாக்காரி மாதிரி வரும் என்றுதான் நான் நினைத்தேன்.

கல்யாணமாகாத பெண்ணின் படத்தைப் பலர் பார்த்தால் கண்பட்டுவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. பொள்ளாச்சியில் படம் கழுவி வந்த கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பிரிக்காமலேயே தரகரிடம் கொடுத்தாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தரகர் வந்தார். உட்காரவில்லை.

"ஏனுங்க கவுண்டரே, இது என்ன வெளையாட்டு? பேப்பர்ல வந்த நெலாப் படமாட்டம் இருக்குதுன்னு மாப்பிள்ளையோட அம்மா கேக்கறாங்க. இனி உங்கூட்டு வரனை நான் எங்கீங்க கொண்டுபோறது?"

அப்பா படத்தைப் பார்த்தார். ஒரு கண்ணும் ஒரு கன்னமும் மட்டும். ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரிந்தது. தரகர் போன பின் தம்பியைக் கூப்பிட்டார்.

"அவ கட்டிக்கிட்டுப் போனாத்தான் உனக்குப் பொண்ணு பாக்க வழின்னு தெரியுமில்லடா. அப்புறம் ஏண்டா இப்படிப் பண்ணுனே?"

"கண்ணாடியைக் கழட்ட மறந்துட்டேனுங்கண்ணா."

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நூலைப் பிடித்தவன் நான்தானே. சொல்ல வாயெடுத்தபோது அத்தை என் தோளை அழுத்திப் பிடித்தாள். அப்பா அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கிணற்றில் எறிந்தார். சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பெண் பார்க்க யாரும் வரவில்லை.

அன்று வீடே சாவு விழுந்த மாதிரி இருந்தது. அத்தை மட்டும் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். விளக்கு வைக்கும் முன்பே பாயை விரித்துப் படுத்தாள். மறுநாள் வெயில் ஏறி மாடுகள் கத்திய பிறகும் எழவில்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லை போலும் என்று பயந்து, மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய அவமானத்துக்குப் பிறகு ஒருத்தி எப்படி இப்படித் தூங்க முடியும் என்று அன்று எனக்குப் புரியவே இல்லை.

எழுதி முடித்தது: ஆவணி பதினேழு, செவ்வாய்க்கிழமை.