மொட்டைக் கடிதமும் ஏத்தங்காய் சிப்ஸும்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். பக்கத்து வீட்டுத் தங்கராஜ் அரசு மானியத்தில் ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் கம்பெனி தொடங்கினான். அதே மானியத்துக்கு விண்ணப்பித்த எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே சிப்ஸ் பொரியும்போதெல்லாம் இங்கே என் வயிறும் சேர்ந்து பொரிந்தது.

‘அங்கே வேலைக்கு ஆளே கிடையாது, வெறும் போர்டுதான்’ என்று பெயர் போடாமல் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த வாரமே அவர் விசாரிக்க வந்தார். வேடிக்கை பார்க்க நானும் போய் நின்றேன்.

அவர் கடிதத்தை வாசித்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள்.

“அப்போ நாங்க ஆளு இல்லியா சார்? மானியத்த நிறுத்தினா எங்க நாலு பேருக்க வேலையும்லா போவும்?”

தினமும் காலையில் ஜெபக்கூட்டத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போகும் என் மனைவி.

நால்வர் பெயரையும் குறித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று அதிகாரி கிளம்பிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று வீட்டில் கேட்டேன்.

“சொன்னா ஒங்களுக்கு வயிறு எரியும்லா. அந்தக் கடுதாசியில பேரு இல்லேன்னாலும் எழுத்து யாருக்கதுன்னு பாத்தேன்.”

இப்போது பொறாமை வந்தால் தங்கராஜ் கம்பெனிக்குப் போய் ஏத்தங்காய்த் தோல் உரிக்கிறேன். மேற்பார்வை என் மனைவி. விரலில் பிடித்த கறை போக இரண்டு நாளாகிறது. அதுவரை பேனாவைத் தொடத் தோன்றுவதில்லை.