ருசியில்லாத வெள்ளைப் பூ

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நாக்கு மேஸ்திரி என்றால்தான் தெரியும். சுவரில் வெள்ளை பூத்திருந்தால் மற்ற கொத்தனார்கள் தட்டிப் பார்ப்பார்கள். இவர் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது, பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். கரிக்காவிட்டால் வெறும் சுண்ணாம்பு, துடைத்துவிட்டு பெயின்ட் அடிக்கலாம். "கண்டவங்க வீட்டுச் சுவரையெல்லாம் நக்கிட்டு வந்து, என் சமையல்ல உப்பு இல்லங்கிறீங்களே" என்று நான் கேட்டால் சிரிப்பார்.

எனக்கு உண்மையான கோபம் எதில் என்றால், இந்தப் பழக்கம் எங்கள் மகளுக்கும் தொற்றிக்கொண்டதில்தான். நாலு வயது. குளியலறைச் சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்து, "உப்புப்பா" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லும். இவருக்கோ பூரிப்பு தாங்காது. "அப்பனுக்குத் தப்பாமப் பிறந்திருக்கு" என்பார்.

மலையடியில் பல வருடங்களாக மூடிக் கிடந்த சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கிற இடமாக மாற்றப்போவதாகச் சொல்லி, வாசல் பக்கத்துச் சுவர்களைப் பூச இவரைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஈரப் பாறையில், பட்டு நூலைப் பொடிப்பொடியாகக் கத்தரித்து ஒட்டியது போல வெள்ளை ஊசிகள் கொத்துக் கொத்தாக வளர்ந்திருந்தனவாம். சில இடங்களில் லேசான ரோஸ் நிறம். நகம் பட்டாலே உதிருமாம். இவர் சும்மா இருப்பாரா? நாக்கில் வைத்தார். கரிக்கவில்லை, காரமும் இல்லை, ஒரு ருசியும் இல்லை. இது என்ன எழவு என்று பிடிபடாமல், வேலை நடந்த நாளெல்லாம் இடத்துக்கு இடம் சுரண்டிப் பார்த்திருக்கிறார். போதாததற்கு அழகாக இருக்கிறதே என்று அது பூத்திருந்த ஒரு கல் சில்லைக் கைக்குட்டையில் சுற்றி மகளுக்குக் கொண்டுவந்தார். அவள் அதை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், கையெல்லாம் சிமென்ட்டோடு, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"பாப்பா எங்க?"

"தூங்குது. என்னங்க ஆச்சு?"

"அந்தக் கல்ல தொட்டுச்சா?"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். கல், பாறைகளைப் பற்றிப் படித்த ஒரு பெண் சுரங்கத்தைச் சோதிக்க வந்திருந்தாராம். லென்ஸ் வைத்துப் பார்த்ததுமே எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டாராம்.

"ரொம்ப அபூர்வமான கல்லாம். ஃபார்மகோலைட்டுன்னு பேரு. அந்தப் பேருக்கே விஷம்னுதான் அர்த்தமாம். பாறைக்குள்ள இருக்கிற ஆர்செனிக் தண்ணியில கரைஞ்சு, சுண்ணாம்போட சேர்ந்து, சுரங்கத்த மூடினப்புறம் சுவர்ல வளருமாம். கையில பட்டுச்சான்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"ஆர்செனிக்னா?"

"பாஷாணம். எலிக்கு வைப்பாங்களே."

ஜன்னல் கட்டைக்குப் போய்ப் பார்த்தேன். கல் இருந்தது. அதன் மேல் இருந்த வெள்ளையில் பாதியைக் காணோம். காற்றில் உதிர்ந்திருக்கலாம். உதிர்ந்திருக்க வேண்டும் என்று எல்லா சாமியையும் கும்பிட்டேன்.

மகளை உலுக்கி எழுப்பினேன். "அந்தக் கல்ல நக்கினியா?"

என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல."

"பொய் சொன்னா தோல உரிச்சுடுவேன். நக்கினியா?"

"இல்ல, இல்ல" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த 'இல்ல'யை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பயந்தால் பொய் சொல்கிற குணம் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது.

இவர் என்னை நகர்த்திவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். தொடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வேலைக்குப் போன இடத்தில் இன்னொரு கொத்தனாரிடம் கேட்கிற குரலில் கேட்டார்.

"பாப்பா, அந்த வெள்ளை எப்படி? உப்பா, சுண்ணாம்பா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உப்பு இல்லப்பா. சுண்ணாம்பும் இல்ல. ஒண்ணுமே இல்ல. நல்லாப் பாத்தேன்."

இவர் எழுந்து ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் இருவரிடமும் சிறுநீர் வாங்கி வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை மகளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பாஷாணம் ஏறினால் முடி கொட்டும் என்று யாரோ சொன்னதிலிருந்து, தலையணையில் கிடந்த முடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். இவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே கிடந்தார். வாந்தி எடுத்ததையும், விரல் நுனி மரத்துப் போனதையும் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் அம்மா இரண்டு காகிதங்களோடு வந்தார். "குழந்தைக்கு ரொம்பக் கொஞ்சம்தான் போயிருக்கு. தானா வெளியேறிடும், பயப்படாதீங்க. உங்களுக்குத்தான் நிறைய இருக்கு மேஸ்திரி. இன்னிக்கே அட்மிட் ஆகணும்."

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பரிசு விழுந்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியா? எனக்குத்தான் நிறையவாம்."

பிடித்திருந்த கை ஜில்லிட்டுக் கிடந்தது. அதுவரை மகளுக்காக மட்டுமே பயந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.