முகத்துவாரத்தில் இரண்டு லென்ஸ்கள்

முழங்கை நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் என் மேஜைமேல் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தொலைநோக்கி என்று நினைத்து எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று கீழே வைப்பார்கள். அது டெலிபோட்டோ லென்ஸ். முப்பதுகளின் தொடக்கத்தில் என் அத்திம்பேர் பறவைகளைப் படம் பிடிப்பதற்காக வாங்கியது. அதைத் துடைக்க எடுக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் உள்ளங்கால் சில்லிட்டுப் போகிறது.

அத்திம்பேர், அதாவது என் அக்காவின் கணவர், மயிலாப்பூரில் வக்கீல். கோர்ட்டில் அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. நாரையைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தமாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் முக்காலி, படம் விழும் கண்ணாடித் தகடுகள், கறுப்புத் துணி சகிதம் ஜட்கா பிடித்து அடையாற்று முகத்துவாரத்துக்குப் போய்விடுவார். நீச்சல் தெரியாது. அக்காவுக்கு வாரம் பூராவும் அதே கவலை. "தண்ணில எறங்க விடாதேடா" என்று சொல்லி என்னைக் காவலுக்கு அனுப்புவாள். குளத்துப் படியில் கால் நனைக்கவே பயப்படுகிற என்னை! எனக்கு அப்போது ஒரு கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை தூங்கத்தான் ஆசை. ஆனால் அக்கா முகத்தைப் பார்த்தால் மறுக்க வராது.

அந்த வாரம் மவுண்ட் ரோடு காமிராக் கடையில் இரண்டு லென்ஸ்களைக் கொடுத்து, போட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஒன்று சாதாரண லென்ஸ். படம் பளிச்சென்று விழும், ஆனால் பறவைக்குக் கிட்டத்தில் போயாக வேண்டும். மற்றது இந்தக் குழாய். தூரத்துப் பறவையைப் பக்கத்தில் கொண்டுவரும், ஆனால் மங்கல். ஒரே இடத்தில் நின்று இரண்டாலும் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றார் அத்திம்பேர்.

மாதக் கணக்காக முகத்துவாரத்தைக் கடல் மணல் அடைத்திருந்தது. ஆறு குளம்போல அசையாமல் கிடக்கும். நாங்கள் பழகியிருந்தது அந்த ஆற்றுடன்தான். அந்த ஞாயிறுக்கு முதல் நாள் மணல்மேடு உடைந்து வாய் திறந்துவிட்டது. தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் கடலுக்கு ஓடிப்போய், நட்டாற்றில் சேற்றுத் திட்டு வெளியே தெரிந்தது. அதன்மேல் நாரையும் ஆலாவும் உள்ளானும் சந்தை கூடினாற்போல் இருந்தன. அத்திம்பேருக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது, நானும் தைரியசாலிபோல் பின்னால் நடந்தேன். கடல் ஏறும்போது தண்ணீர் போன வழியாகவே திரும்பி வரும் என்று சட்டம் படித்த அவருக்கும் தோன்றவில்லை, கணக்குப் படித்த எனக்கும் தோன்றவில்லை.

திட்டின் ஓரத்தில் முக்காலியை நிறுத்தினார். முதலில் சாதாரண லென்ஸ். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நானும் பார்த்தேன். காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும். கீழே ஆகாயம், நடுவில் தொங்குகிற நாரைகள், மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. பிறகு குழாயை மாட்டினார். கண்ணாடி முழுவதும் ஒரே ஒரு நாரை, அதன் கண்கூடத் தெரிந்தது. இரண்டாலும் தகடுகளில் படம் எடுத்துக்கொண்டு, மாற்றி மாற்றித் துணிக்குள் புகுந்து, மங்கலா இல்லையா என்று வெகுநேரம் வாதாடினோம். கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண லென்ஸை மறுபடி மாட்டி என்னைக் கூப்பிட்டார். மேலேயிருந்த சாம்பல் பட்டையைக் காணோம். அந்த இடம் பளபளவென்று இருந்தது.

"மேகமெல்லாம் கலைஞ்சுடுத்து அத்திம்பேர்" என்றேன்.

"மேல தெரியறது மேகம் இல்லடா, தரை" என்றார் அவர்.

சொல்லி முடிக்கும்போதே என் உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. துணியை உதறிவிட்டுப் பார்த்தேன். திட்டு இல்லை. கரை எங்கோ இருந்தது, சுற்றிலும் தண்ணீர். அது சத்தமே போடாமல் வந்திருந்தது, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அத்திம்பேர் சாதாரண லென்ஸோடு காமிராவைத் தூக்கிப் பிடித்தார், நான் குழாயையும் தகடுகளையும் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டேன். வந்த வழி எதுவென்று தெரியவில்லை, கரையைப் பார்த்து நேராக இறங்கினோம். இடுப்பு. பிறகு மார்பு. கரையில் கூடையோடு போய்க்கொண்டிருந்த மீன்காரி ஒருத்தி எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"நேரா வராத சாமி, பள்ளம் கீது. அந்தாண்ட சுத்திகினு வா."

அதற்குள் அத்திம்பேர் பள்ளத்தில் காலை வைத்துவிட்டார். தண்ணீருக்கு மேலே அவர் முகமும் காமிராவும் மட்டும் தெரிந்தன. என்னையே பார்த்தார். ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். எப்படி இழுத்தேன், எப்படிக் கரையேறினோம் என்று எனக்கே தெரியாது. மணலில் விழுந்து கிடந்தோம். உடுப்பு காயும்வரை வெயிலில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அக்கா சாதம் போட்டாள், அவர் சட்டையைத் தோய்க்கப் போட்டாள்.

மறுநாள் கழுவிய தகடுகளைப் பார்த்தோம். சாதாரண லென்ஸில் இறகு இறகாக விழுந்திருந்தது. குழாயில் எடுத்ததெல்லாம் கலங்கல். "சந்தேகமே இல்லை, இதுதான்" என்று அத்திம்பேர் சாதாரண லென்ஸைக் கையில் எடுத்தார். அப்படியானால் அடுத்த ஞாயிறும் சேற்றுக்குள். அக்கா காதில் விழாமல் நான் எதைச் சொல்லித் தடுப்பது? அவருடைய காமிரா விஷயத்தில் அதுவரை ஒரு வார்த்தை பேசாத அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"நீளமா இருக்கே, அதையே வாங்கிடுங்கோ."

உனக்கு இதில் என்ன தெரியும் என்று சிரித்தார் அத்திம்பேர். "ஒண்ணும் தெரியாது. அதையே வாங்குங்கோ" என்றாள். குரல் சரியாக இல்லை. அவர் சிரிப்பு நின்றது. குழாயைத்தான் வாங்கினார். அதற்கப்புறம் கடைசிவரை கரையில் நின்றபடியேதான் படம் பிடித்தார். கலங்கலான நாரைகள் வீடு நிறைய மாட்டியிருந்தன.

அத்திம்பேர் காலமான பிறகு அக்கா இந்த லென்ஸை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு அவர் சட்டையைத் தோய்க்கப் போட்டேன். பைக்குள்ள மணல் இருந்துதுடா. தண்ணி எதுவரைக்கும் வந்தது?"

பை மார்பளவில் இருப்பது. இத்தனை வருஷமும் மார்பளவு என்று அவளே கணக்குப் போட்டு, யாரிடமும் வாய் திறக்காமல் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மோவாயைத் தொட்டுக் காட்டினேன். அவள் லென்ஸை என் கையிலிருந்து திரும்ப வாங்கி, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில்தான் கொடுத்தனுப்பினாள். இப்போது என் வீடு அடையாற்றங்கரையில். மேஜைக்கு நேரே ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் முகத்துவாரம். லென்ஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.