ஆள் இருக்கும் அறை

பொய்யெழுதி ஒரு மனிதனை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே அனுப்பியவன் நான். அவன் செத்தான். பழியை வேறொருவன் சுமக்கிறான்... நான் வாய் திறக்கவில்லை!

யுத்த காலம் அது. பம்பாயில் கட்டில் கிடைக்காமல் நோயாளிகள் வராந்தாவில் கிடந்தார்கள். நான் வார்டு குமாஸ்தா, குடியிருப்பு மாதுங்காவில். ஓரளவு தேறியவர்களை வீட்டிலேயே வைத்துக் கவனிக்க நாங்கள் சில தமிழர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். கம்பவுண்டர் காலையில் போய் ஊசி போடுவார், கட்டு மாற்றுவார். மற்றது வீட்டார் பொறுப்பு. வீட்டில் ஆள் உண்டா என்று நேரில் பார்த்து எழுதுவது என் வேலை.

இசக்கிமுத்து தாராவியில் தோல் பதனிடுகிறவன். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். ஊசி போட்ட அரை மணிக்குள் கஞ்சி குடித்தாக வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

போய்ப் பார்த்தேன். ஒரே ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர், ஷிப்டு மாற்றித் தங்கும் அறை.

"எங்க ரூம்ல எந்நேரமும் ஆளு உண்டும் சார்," என்றான் சுடலை, இசக்கிமுத்துவின் சித்தப்பா மகன். "நான் ராத்திரி மில்லுக்குப் போய்ட்டு விடியக்காலம் வந்துருவேன். கஞ்சி நான் குடுக்கேன்."

உண்மைதான், உள்ளே நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் பட்டப்பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்கள். தெரியாமல் ஒருவன் காலை மிதித்துவிட்டேன். அவன் அசையவே இல்லை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் 'பகலில் ஆள் உண்டு' என்று எழுதினேன்! ஏன்? களைப்பு... அன்று அது எனக்கு ஆறாவது வீடு. வேறு இடம் தேடத் தெம்பில்லை. இதெல்லாம் ஒரு காரணமா? நீங்களே சொல்லுங்கள்.

ஒன்பதாம் நாள், ஊசி போட்டுவிட்டுக் கம்பவுண்டர் போனார். கஞ்சி அடுப்பில் இருந்தது. சுடலை சுவரில் சாய்ந்தான், கண்ணயர்ந்தான். தூங்குகிறவர்கள் நடுவே இசக்கிமுத்துவின் உயிர் போயிற்று. கூப்பிட்டானோ என்னவோ...

"நாந்தான் சார் கொன்னுட்டேன். ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்தேன், கண்ணு சொக்கிட்டு," என்று சுடலை கதறினான்.

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். "தலையெழுத்துப்பா, என்ன பண்றது" என்றுதான் வந்தது. கோழை!

யுத்தம் முடிந்துவிட்டது. சுடலை இன்று எங்கள் ஏற்பாட்டிலேயே உழைக்கிறான். நோயாளி கடைசி வாய்க் கஞ்சி குடிக்கும்வரை பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பான்.

"சித்த உட்காரேன்ப்பா," என்பேன்.

"வேண்டாம் சார். உக்காந்தா தூங்கிருவேன்."

நான் உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டுக்கான தாளை எழுதுகிறேன்.