நான்கு விரல் திறந்த கதவு

கதவை நான்கு விரலளவு மட்டும் திறந்துவைத்து, கால்மணி நேரம் அதன்முன் கைகட்டி நிற்பார் என் சம்பந்தியம்மாள், சந்நிதியில் நிற்பவர்போல. மருத்துவமனையில் அறுவைக் கருவிகளை நீராவியில் அவிக்கும் இயந்திரத்தின் கதவு அது. அவித்ததும் முழுதாகத் திறந்தால் குளிர்காற்றுப் பட்டு, கருவிகளைச் சுற்றிய துணி வியர்த்துவிடும். ஈரப்பட்ட மூட்டை அறுவைக்கு ஆகாது. ஒருநாள் அவசரப்பட்டுப் பன்னிரண்டு மூட்டைகளைக் கெடுத்தபின் அவராகக் கண்டறிந்தது இது.

கெடுத்ததை அவர் மறைத்ததில்லை. காலையில் வேலை தொடங்குமுன், "நேத்து நான் கோட்டை விட்டது இது. இப்ப நீங்க சொல்லுங்கடி" என்பார். முதலில் சிரித்த, உடன் வேலைசெய்யும் தோழியர் மூவரும் பின்னர் முறைவைத்துச் சொல்லலாயினர். காலை அணி தேறிற்று. மாலை அணிக்கோ இது எட்டவில்லை. அவர்கள் மூட்டைகள் ஈரமாகவே வந்தன. அதைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் அவரையே அழைத்ததால் சம்பந்தியம்மாளுக்கு விடுப்பென்பதே இல்லாமற்போயிற்று. என் மருமகளின் தலைப்பிரசவத்துக்கு வந்தவரை அரைநாளில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். "அம்மாவுக்கு அந்த மெஷின்தான் மூத்த பொண்ணு. நான் ரெண்டாவதுதான்" என்றாள் மருமகள். அந்தச் சொல் அவரைத் தைத்துவிட்டது.

இரண்டாம் பேறு நெருங்கியபோது தலைமைச் செவிலியின்முன் போய் நின்றார். "எங்க நாலு பேருக்குத் தெரிஞ்சா போதுமா மேடம்? சாயங்காலம் வர்றவங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க?"

அன்றுமுதல், ஓர் அணி தன் பிழையை அடுத்த அணியிடம் நேரில் சொல்லிய பின்னரே வீடு திரும்பலாம் என்று மருத்துவமனை முழுமைக்கும் விதியாயிற்று.

இறையருளால் பேரன் பிறந்து ஐந்து நாள் ஆயிற்று. அவர் கைபேசி ஒலிக்கவேயில்லை. அதுவே அவரை வாட்டியது. நேற்று, என் கண்ணெதிரே அவரே அழைத்தார். மாலை அணித்தலைவியின் குரல் கூடம் முழுதும் கேட்டது.

"அக்கா, அஞ்சு நாளா ஒரு மூட்டைகூட ஈரமில்ல. படுக்கவச்சு அடுக்கினா நடுவுல தண்ணி தேங்குதுன்னு எங்க ஷிப்டுல கண்ணாடி போட்டிருப்பாளே, அவ கண்டுபிடிச்சா. இப்ப ரெண்டு ஷிப்டும் நிக்கவச்சுத்தான் அடுக்குறோம்."

"அடிப்பாவி! இருபது வருஷமா நான் படுக்கவச்சில்ல அடுக்குறேன்!"

"அதைப் பேரன்கிட்டச் சொல்லுங்க, நீங்க கோட்டை விட்டதா. நீங்க இல்லாமலே நாங்க நல்லாத்தான் இருக்கோம். போன வைங்க."

அந்தக் கடைசிச் சொல்லுக்கு வருந்துவாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கண்மூடி, நெஞ்சு இறங்க நெடுமூச்சு விட்டார். பின்னர் கைபேசியை அணைத்து, சார்ஜரையும் அதன்மேல் சுற்றி என் கையில் வைத்து, என் பீரோவைக் கண்ணால் காட்டினார்.