அட்டையில் ஒட்டிய பாடங்கள்

போன மாதம் சென்னைக்குப் போய் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தேன். பாதிச் சண்டைதான். மீதியை இங்கே போடுகிறேன்.

தணிகாசலம் சார் எனக்கு வாத்தியார். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்தினார். வீடு திண்டிவனம். ரிட்டயர் ஆகும்வரை தினமும் பஸ்தான்.

பஸ் ஸ்டாண்டில் யார் நோட்டீஸ் நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். நகைக்கடைத் திறப்பு விழா, கட்சிப் பொதுக்கூட்டம், மயிலம் தேர்... எதுவானாலும் சரி. பின்பக்கம் காலியாக இருக்குமே! அன்றைய பாடத்தை அதில்தான் எழுதுவார். பாதி வழியில் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

எதற்காக எழுத வேண்டும்? புத்தகமெல்லாம் இங்கிலீஷ். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாங்களோ கண்டாச்சிபுரம், வல்லம் பக்கத்துக் கிராமத்து ஆட்கள். எங்களுக்காக நீதி, சமத்துவம், அதிகாரம் எல்லாவற்றையும் தமிழில் முதலிலிருந்து யோசித்து எழுதினார். மொழிபெயர்ப்பு இல்லை — சொந்த யோசனை.

சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு ஆவணக் காப்பகம் அவருடைய காகிதங்களைக் கேட்டது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். இங்கிலீஷில் டைப் அடித்த கட்டுரைகள், கடிதங்கள், அப்புறம் ஒரு மூட்டை நோட்டீஸ்.

இப்போது அந்தப் பாடங்களைப் புத்தகமாகப் போட ஆசைப்படுகிறார். பார்வை மங்கிக்கொண்டே போகிறது. வேறு நகல் கிடையாது. காப்பி அனுப்பச் சொல்லி எழுதினார். 'தங்கள் தொகுப்பில் வகுப்புப் பாடங்கள் எதுவும் இல்லை' என்று பதில் வந்தது.

துணைக்கு என்னைக் கூப்பிட்டார். போனோம்.

பொறுப்பில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். இங்கிலீஷ் கட்டுரைகளை ஏசி அறையில் நல்ல பெட்டியில் வைத்திருந்தார்கள். அப்புறம் பெருமையாக நாலு பெரிய ஆல்பத்தைக் கொண்டுவந்தார்.

"உங்க நோட்டீஸ் கலெக்‌ஷன், சார். ரொம்ப அபூர்வம். கிழியாம இருக்க எல்லாத்தையும் அட்டையில ஒட்டிட்டோம்."

சார் விரலால் தடவிப் பார்த்தார். "எந்தப் பக்கத்தை ஒட்டுனீங்க?"

"பின்பக்கம்தான் சார். பிரிண்ட் மேல தெரியணும்ல?"

"அதுல எழுதியிருந்துச்சே, பாக்கலியா?"

"ஏதோ கையால எழுதியிருந்திச்சு சார். கணக்கு, கிணக்குன்னு நெனச்சோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏம்மா, புரொபசர் காகிதம்னு வாங்கிட்டு வந்து, புரொபசர் எழுதினதைப் பசை தடவி மூடுவீங்களா?" என்று கத்தினேன்.

"சும்மா இருப்பா. பேஜாரு பண்ணாத" என்று என்னை அடக்கினார் சார். அந்த அம்மாவிடம், "பஸ்ஸுல உக்காந்துக்கினு எழுதுனதும்மா. பால்பாயின்ட் பேனா. ஈரம் பட்டாலும் அழியாது. பிரிங்க" என்றார்.

"நோட்டீஸ் பாழாயிடும் சார்..."

"ஆவட்டும். அந்த நகைக்கடையே இப்ப இல்ல."

ஒன்றே ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். ஒரு ஓரம் கிழிந்தது. சார் அந்தக் காகிதத்தையே பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வந்துவிட்டது. அவரால் படிக்க முடியவில்லை. நான் படித்தேன்.

'பொதுக் கிணறு. நாலு பங்காளி. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். கடைசி முறைக்காரன் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் போகும்போது தினமும் கரண்ட் போகிறது. இது அவன் தலையெழுத்தா, அநியாயமா?'

அதற்குக் கீழே: 'வகுப்பில் கண்டாச்சிபுரத்துப் பெண் கேட்டது — முறையை எழுதினது யாரு சார்?'

சார் சிரித்தார். "அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு என்னால பதில் சொல்ல முடியல. அடுத்த நோட்டீஸ்ல எழுதினேன். அதையும் பிரிக்கச் சொல்லு."

மொத்தத்தையும் பிரித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். சில கிழியலாம், சில கிடைக்காமலே போகலாம். பார்வை இருக்கும்போதே வருமா என்பது வேறு கேள்வி.

நான் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தால் அது தத்துவம் என்று தெரிகிறது. விழுப்புரத்து பஸ்ஸில் தமிழில் எழுதினால் கணக்கு, கிணக்கு என்று தோன்றுகிறது. யார் இதைச் சொல்லிக் கொடுத்தது? படிப்புதான்.

நேற்று காப்பகத்திலிருந்து திருத்திய கேட்டலாக் எனக்கு வந்தது. சார் போனில் படிக்கச் சொன்னார். வாழ்நாள் பாடங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் தலைப்பு: 'நோட்டீஸ்களின் பின்பக்கக் குறிப்புகள்'.

"சேத்துட்டாங்கல்ல, போதும்பா" என்றார்.

எனக்குப் போதாது. பாடம்தான் முன்பக்கம். நகைக்கடைதான் பின்பக்கம்.